இன்சூரன்சில் சேராத நோய்

14 ஜூன் 1955
இன்றும் மூன்றாம் பாரம் வகுப்பில் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் பாடம் நடத்தினேன். ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. இவர் கடையை அடைத்துவிட்டு வந்ததும் சொன்னேன். "அதுக்குத்தானே ஏட்டி இன்சூரன்ஸ் போட்டிருக்கு? சத்தியராஜிட்ட சொல்லுகேன்" என்றார்.

நோய் வந்தால் தனியார் ஆஸ்பத்திரியில் தனி அறை, மருந்து, ஆபரேஷன், எல்லாம் கம்பெனி பொறுப்பு. எங்கள் வேதக்கோயில் சபையில் பாதிப் பேரை அதில் சேர்த்துவிட்ட ஏஜெண்டு சத்தியராஜ்தான். மூன்று வருஷமாக என் சம்பளத்திலிருந்து கட்டுகிறோம்.

21 ஜூன்
தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மின்சார விசிறி, வெள்ளை விரிப்பு, "உட்காருங்க டீச்சர்" என்ற உபசாரம். கர்ப்பப்பையில் கட்டியாம். சீக்கிரம் எடுக்க வேண்டுமாம். பயம்தான். ஆனாலும் அந்த விரிப்பைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் அடங்கியது.

2 ஜூலை
சத்தியராஜ் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கர்ப்பப்பை சமாச்சாரம் பாலிசியில வராது டீச்சர். பிரசவமும் வராது. கம்பெனி சட்டம்."

"சேக்கும்போ சொன்னீரா?"

"நீங்க கேக்கலியே."

கேட்கவில்லையாம்! பொம்பளைக்கு வேறே எங்கே நோய் வரும் என்று நினைத்தார்கள்? மூக்கிலா?

3 ஜூலை
ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்கு, ஆராதனைக்குப் போகவில்லை.

10 ஜூலை
சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "தர்மாஸ்பத்திரியிலயா? தரையில போட்டுருவாவ. சபையில என்ன சொல்லுவாவ? பொறு, எங்கியாவது ரூபா பொரட்டுகேன்."

எத்தனை நாள் பொறுக்க? ரத்தம் போவது எனக்கல்லவா?

18 ஜூலை
இவரிடம் சொல்லாமல், பக்கத்து வீட்டு முத்துக்கனியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். விடியும் முன்பே அங்கே வரிசை. சீட்டுக் கொடுக்கிறவன் ஆட்டை விரட்டுகிற மாதிரி விரட்டுகிறான். ஆயா கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை, என் சீட்டு அடியில் போய்விட்டது. ஆத்திரத்தில் அழுதேவிட்டேன். "அழாண்டாம் அக்கா, நான் கேக்கேன்" என்று முத்துக்கனிதான் சண்டை போட்டாள்.

டாக்டரம்மா காலையிலிருந்து எழும்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைச் சோதித்துவிட்டு, "இவ்வளவு நாளா என்ன செய்திட்டு இருந்தீங்க?" என்று கோபப்பட்டார்.

என்ன சொல்ல? இன்சூரன்சுக்குக் காத்திருந்தேன் என்றா?

"இன்னைக்கே படுங்க."

20 ஜூலை
கட்டில் இல்லை. பாய்தான். பக்கத்துப் பாயில் பகவதியம்மாள், வயலில் நடுகைக்குப் போகிறவள். அவளுக்கும் வயிற்றில் கட்டி.

இவர் வந்தார். வார்டு வாசலைத் தாண்டவில்லை. "வீட்டுக்கு வா ஏட்டி."

"வரமாட்டேன். நீங்க போங்கோ."

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. போய்விட்டார்.

1 ஆகஸ்ட்
பிழைத்துக்கொண்டேன். ஆபரேஷன் ஆனவர்களுக்கு மூன்று நாள்தான் கட்டில், பிறகு மறுபடி பாய். பாயில் எறும்பு. பஞ்சு தீர்ந்துபோயிற்றென்று நர்ஸ் நம்மிடம் கத்துகிறாள் — நாமா தின்றோம்? என்னைக் காப்பாற்றியதும் இந்த இடம்தான், நாயைப் போல நடத்துவதும் இதேதான். நன்றி சொல்ல வாயெடுத்தால் கோபம் வருகிறது.

இவர் ஆபரேஷன் அன்றே வந்துவிட்டார். இப்போது தினமும் கஞ்சி கொண்டுவந்து பாயோரத்தில் உட்காருகிறார். நேற்று பகவதியம்மாள் வலியில் துடித்தாள். கூப்பிட்டும் ஒருவரும் வரவில்லை. இவர்தான் ஓடிப்போய், வராந்தாவில் நின்று சத்தம் போட்டு, நர்சைக் கூட்டிவந்தார்.

"மனுசங்களல்லவா கெடக்கு இஞ்ச" என்றார் என்னிடம்.

4 செப்டம்பர்
ஆஸ்பத்திரிக்கு இன்னும் கட்டில் வேண்டுமென்று சர்க்காருக்கு இவர் மனு எழுதியிருக்கிறார். ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நின்று கையெழுத்து வாங்கினார். "என் வீட்டுக்காரி தரையில கெடந்தா" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சத்தமாகவே சொன்னார்.

சத்தியராஜும் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு நகரவில்லை. என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், அந்த டாக்டரம்மா எந்தக் கிழமை இருப்பாவ? வீட்டுல அவளுக்குக் கொஞ்சம்..."

கேட்க எத்தனையோ இருந்தது.

"திங்களும் வியாழனும். விடியுமுன்ன போகச் சொல்லும்" என்றேன். "நானும் கூடப் போறேன்."