ஏழு மணி டம்ளர்

பத்தாங் பெர்ஜுந்தாய், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அன்பரசிக்கு, கங்கா சித்தி எழுதிக்கொள்வது. பெர்த்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், நீ நெஞ்சில் சளி கட்டாமல், வேலைக்கு நேரத்துக்குப் போய் வந்து, வயிறாரச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம். உன் அப்பா தேறி வருகிறார். எதிலிருந்து தேறி வருகிறார் என்று உனக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் பயப்படாதே, வீட்டில்தான் இருக்கிறார், எழுந்து நடக்கிறார், இந்த நிமிஷம்கூட வாசலில் நின்று பக்கத்து வீட்டு வேலம்மா அக்காவோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். ஆனால் போன மாதம் கால் சுளுக்கு, அதனால்தான் லீவு என்று உன்னிடம் சொன்னது பொய். வாட்ஸ்அப்பில் நான்கு தடவை எழுதினேன், நான்கு தடவையும் அழித்தேன். தபாலில் போட்டுவிட்டால் அழிக்க முடியாது என்றுதான் தாளை எடுத்தேன். அவர் சொன்ன பொய்யைவிட நான் சொல்லாமல் விட்டது பெரியது, அதையும் இதில் எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் அவருக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் ஆப்பரேஷன் முடிந்ததும் நீ இரண்டு வாரம் லீவு போட்டு வந்தாய். நூற்று நாற்பத்தெட்டு கிலோவோடு, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் தன் லோரியில் ஏறி இறங்கவே மூச்சு வாங்கிய மனிதரை அந்த ஆப்பரேஷனுக்குச் சம்மதிக்க வைத்ததும் நீதான். நான் மூன்று வருஷம் சொல்லி நடக்காதது உன் ஒரு போனில் நடந்தது, அன்றைக்கே எனக்கு உள்ளே சுருக்கென்றது. நீ மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், விஷயம் தெரிந்தவள், இனி அவர் வயிறு கொள்வது ஒரு கைப்பிடிதான், அதில் முதலில் மீனோ முட்டையோ போக வேண்டும், சோற்றுக்கு இடம் கடைசியில்தான், பற்றாததைப் புரத மாவாலும் சத்து மாத்திரையாலும் ஈடுகட்ட வேண்டும், மாத்திரை ஆயுசுக்கும் என்று ஒன்றுவிடாமல் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினாய். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மீனை ஆய்ந்து வேகவைக்கப் போகிறவள் நான் இரண்டடி தள்ளி நிற்க, நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா எனக்குச் சத்தியம் பண்ணுங்க, தெனம் காலையில ஏழு மணிக்கு நான் வீடியோவுல வருவேன், என் கண்ணு முன்னால மாவக் கரைச்சுக் குடிக்கணும் என்றாய். அவரும் பாப்பா சொன்னா அப்பீல் ஏது லா என்று சிரித்தார். என்னிடம் நீ சொன்னது ஒன்றே ஒன்று, சித்தி அந்த மாவு டின்ன வெயில் படாத இடத்துல வைங்க என்று. வைத்தேன்.

கல்யாணமான இந்த எட்டு வருஷத்தில் அவர் எனக்காகக் காலையில் சவரம் செய்து நான் பார்த்ததில்லை. உன் போன் வர ஆரம்பித்த பிறகு ஆறரைக்கே எழுந்து சவரம் செய்து, சட்டை மாற்றி, தலை சீவி மேசையில் வந்து உட்கார்ந்துவிடுவார். எடை பார்க்கும்போது நான் பக்கத்தில்தான் நிற்பேன், எவ்வளவு என்று கேட்டால் இரு இரு என்பார், பிறகு உன்னிடம்தான் முதலில் சொல்லுவார், பாப்பா நூத்தி இருபத்தாறு என்று. நான் அடுப்படியில் இருந்து கேட்டுத் தெரிந்துகொள்வேன். டவுனுக்குப் போனாலும் இதே கதைதான். மளிகைக்கடையில் லோகேஸ்வரி, அண்ணன் பாதியா எளச்சிட்டாரே, மக அங்கேருந்தே என்னமா பாத்துக்குது பாருங்க, குடுத்து வச்சவரு என்று என்னிடமே சொன்னாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். முள் எடுத்து மசித்த மீனும், மஞ்சள் கரு நீக்கிய முட்டையும், ஒரு நாளைக்கு ஆறு தடவை கழுவிய சின்னக் கிண்ணமும் யார் வாயிலும் வரவில்லை. எனக்குப் பொறாமை, அன்பரசி. இதற்கு வேறு பெயர் இருக்கிறதா என்று நிறையப் படித்தும் யோசித்தும் பார்த்தேன், இல்லை. உனக்குப் பதினெட்டு வயதில் நான் இந்த வீட்டுக்கு வந்தேன், எனக்கு அப்போது இருபத்தெட்டு. மறைந்த உன் அம்மா துளசி அக்காமேல் எனக்கு ஒரு நாளும் பொறாமை வந்ததில்லை. உன்மேல்தான் வந்தது, அதுவும் ஒரு டின் மாவுக்காக.

இனி எழுதப் போவது கஷ்டமானது. மார்ச் மாதம் மூன்றாவது வாரம் இருக்கும், அவர் கண்ணாடிக் கிளாஸை விட்டுவிட்டுச் சில்வர் டம்ளர் கேட்டார். கையில் வழுக்குதுமா என்றார். நீயும் போனில் அதை ஒன்றும் சொல்லவில்லை, அவர் தூக்கிக் குடித்தார், காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார், நீ கைதட்டினாய். பிறகு நான் அதைக் கழுவ எடுத்தால் கோப்பி வாசம். சீனி போட்ட கறுப்புக் கோப்பி. மாவை என்ன செய்தார் என்று கேட்கிறாயா, டின் தீர்கிற கணக்கை நீ எண்ணுவாய் என்று தெரிந்து தினம் இரண்டு கரண்டி அளந்து எடுத்து, பின்பக்கம் போய் வேலம்மா அக்காவின் கோழிகளுக்குத் தூவியிருக்கிறார். அந்த அக்காவும், என்னமோ தெரியலடி கங்கா, இந்த வருசம் கோழிங்க போடுபோடுன்னு போடுதுங்க என்று எனக்கே நான்கு முட்டை கொண்டு வந்து கொடுத்தாள். மாத்திரைகள் பெட்டியில் இருந்து பிஸ்கட் டின்னுக்குப் போயிருந்தன. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, அந்த வெனிலா இனிப்பு தொண்டையத் தாண்டுனா கொமட்டுது, பாப்பா ஆசையா அனுப்புது, வேணாம்னு எப்படிச் சொல்றது, நீ கண்டுக்காத என்றார். மறுநாள் ஏழு மணிக்கு, உன் முகம் திரையில் இருக்கும்போதே, டம்ளருக்கு மேலாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நான் சிரித்துவிட்டேன். அந்த நிமிஷமே உனக்கு நான் போன் செய்திருக்க வேண்டும். ஆனால் எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரும் நானும் ஒரு பக்கம், நீ அந்தப் பக்கம். உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். நீ கைதட்டும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. வேலை செய்கிற நூலகத்தில் இந்த ஆப்பரேஷனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தவள் நான். சத்து குறைந்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது. முடி கொட்டியது, எல்லோருக்கும் கொட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படி ஏறும்போது தடுமாறினார், இளைத்த உடம்பு பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார், இன்னொன்று கழன்று விழுந்தது அவருக்கே தெரியவில்லை. அன்றைக்கும் நாங்கள் சிரித்தோம். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

மே மாதம் பதினெட்டாம் தேதி பழம் ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் வழியில், தோட்டத்து வளைவில் லோரி கால்வாய்க்குள் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை, அவருக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்து தன் வலது பாதத்தைக் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கங்கா, பிரேக்க மிதிச்சேனா இல்லியான்னே தெரியல என்றார். வண்டியோடு வந்த புனிதன், வளைவுல ரெண்டு பொம்பளைங்க நடந்து போய்க்கிட்டு இருந்தாங்க அக்கா, ஒரு எட்டு முன்னப்பின்ன ஆயிருந்தா என்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் வேடிக்கையாகப் படவில்லை.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வைட்டமின் அளவு கீழே போய் நரம்பைப் பாதித்துவிட்டது, இன்னும் நாளாகியிருந்தால் நடக்கவே சிரமம் என்று டாக்டர் சொன்னார். ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். பிறகு உணவு ஆலோசகர் பிரமிளா என்ற பெண் எங்களை உட்கார வைத்து, வீட்டில் அங்கிளோட சாப்பாட்ட யாரு பாத்துக்கிறாங்க என்று கேட்டாள். உன் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், எம் மக பெர்த்துலேருந்து பாக்குது என்றார். நான் அவர் பக்கத்து நாற்காலியில், அவருடைய பைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன வந்ததோ தெரியவில்லை, கோப்பி, கோழி, பிஸ்கட் டின், கண்ணடித்தது, நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது, எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் கொட்டிவிட்டேன். அவள் ஏசவில்லை. இனிப்பு ஒத்துக்கலன்னா சொல்லியிருக்கலாமே அங்கிள், சுவை சேர்க்காத மாவு இருக்கு, சூடு தணிஞ்ச ரசத்துல கலக்கலாம், கொதிக்கிறதுல போட்டா கட்டி கட்டியாயிடும், ஆண்ட்டி நீங்க பாத்துக்குங்க என்று சொல்லி, அவருடைய அட்டையில் பராமரிப்பவர் என்ற இடத்தில் என் பெயரைக் கேட்டு எழுதினாள். வரும் வழியில் ஈஜோக் ஊரைத் தாண்டும் வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம், எல்லாத்தையும் சொல்லிட்ட, அந்தக் கண்ணடிச்சத வேற சொல்லணுமா என்றார்.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. மாவை ரசத்தில்தான் கலக்குகிறேன். முதல் நாள், சுண்ணாம்பு கலந்த மாதிரி இருக்கு என்றார், மூன்றாம் நாள் மிளகு கூட்டச் சொன்னார், இப்போது ஒன்றும் சொல்லாமல் குடிக்கிறார். மாத்திரை போட்டதும் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன், நான் என்ன பாலர் பள்ளிப் புள்ளையா என்று முறைக்கிறார், ஆனால் காட்டுகிறார். குதிகாலில் உணர்ச்சி வந்துவிட்டது, விரல்களில் இன்னும் மரமரப்பு இருக்கிறது. அது முழுக்கத் திரும்புமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. அதுவரை லோரி கிடையாது. நீ ஏழு மணிக்குக் கூப்பிடும்போது அவர் இப்போதும் சில்வர் டம்ளரைத்தான் தூக்கிக் காட்டுகிறார், அதில் இருப்பது வெறும் தண்ணீர், ரசத்தை ஆறரைக்கே நான் கொடுத்துவிடுகிறேன். உன் முகத்துக்கு நேராக இன்னும் ஒரு பொய் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்தத்தான் எழுதுகிறேன்.

வெனிலா டின் இனி அனுப்பாதே, சுவை சேர்க்காததாக அனுப்பு, மாத்திரை சின்னதாகக் கிடைத்தால் நல்லது. இன்னொன்றும் கேட்கிறேன், கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று நீயே முடிவு செய். காலை ஏழு மணிப் போனை மாலைக்கு மாற்றிக்கொள். வேலை விட்டு வந்து ஆற அமர அவரோடு பேசு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. காலையை எனக்கு விட்டுக்கொடு. அவர் உனக்காகச் சவரம் செய்வது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, இந்த வயதில் இதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. ஆனால் நீ அந்த அட்டவணையை எழுதி ஒட்டாமல் இருந்திருந்தால் எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று இந்த மூன்று வாரம் நான் திணறியிருப்பேன், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தாளின் ஒரு மூலை பிய்ந்துவிட்டது, டேப் போட்டு வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமையாவது தூங்கு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும், நல்ல துணை அமைய வேண்டும், உன் அப்பாவின் ஆசியும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், இந்தக் கடிதத்தைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது. என் கைப்பேசி எண் உன்னிடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, இந்த எட்டு வருஷத்தில் அதில் நீ ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை. உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். படித்து முடித்ததும் உனக்குக் கோபம் வரும், வர வேண்டும். அவரைக் கூப்பிட்டுத் திட்டிவிடாதே. திட்டுவதற்காவது முதலில் என்னைக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பாவின் மனைவி என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன்,
உன் சித்தி,
கங்கா புவனேசன்.