நாற்காலிக்குப் பட்டா கிடையாது

பிப்ரவரி 11, செவ்வாய்

வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருக்கிறது. தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர், குளிர்காலம் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். சிகாகோவில் உட்கார்ந்துகொண்டுதான் இதைச் சொல்கிறாரா என்று எனக்குச் சந்தேகம். பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு இத்தனை வருஷமாக அடுத்தவர் பல்லையே பார்க்கிறவள் நான். அவருடையது சொந்தப் பல்லும் இல்லை.

காலையில் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் தங்கை வாண்டா அவள் காரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அம்மா விட்டுப்போன வீட்டில் அவள் கீழே, நான் மாடியில். நான் மரத்தரையில் செருப்போடு நடந்தால் அவள் கீழிருந்து துடைப்பக் கட்டையால் இடிப்பாள். நாங்கள் பேசிக்கொள்வதில் பாதி அப்படித்தான்.

"மார்ச் கடைசியில நான் ஃப்ளோரிடா போறேன்" என்றாள்.

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் இல்ல, லொரைன். போறேன், அவ்வளவுதான்."

சுரண்டுவதை நிறுத்தாமலே சொன்னாள். அவளோடு பௌலிங் கூடத்தில் பந்து உருட்டப் போய்க்கொண்டிருந்த பில்லிஸ் அங்கே வீடு எடுத்திருக்கிறாளாம். இவளுக்கு முழங்கால் குளிர் தாங்கவில்லையாம். இந்த ஊரில் யார் முழங்கால் குளிரை ஆரத்தி எடுத்து வரவேற்கிறது?

"போ, நல்லா போ. வயசானவங்க மெதுவாத்தான் ஓடுவாங்கன்னு அங்க இருக்கிற முதலைக்கெல்லாம் தெரியுமாம்" என்றேன்.

அறுபது வயதுத் தங்கைக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

பிப்ரவரி 12, புதன்

அங்கே எண்பது டிகிரி ஃபாரன்ஹீட். இங்கே எட்டு. ஒரு சைபர்தானே குறைகிறது, அதற்காகவா ஊரை விட்டுப் போவார்கள்?

பிப்ரவரி 14, வெள்ளி

நாளை பெரிய பனி என்கிறார்கள். கடையில் ரொட்டி இல்லை, பால் இல்லை, மனிதர்களிடம் வெட்கம் இல்லை.

ஜனவரிப் பனிக்கு வைத்த நாற்காலிகளையே தெருவில் இன்னும் யாரும் எடுக்கவில்லை. எதிர்வீட்டு ரூபென் ஒரு பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் தாத்தாவை நிறுத்தியிருக்கிறார். மூலைவீட்டில் இஸ்திரி மேசை. வாண்டா வழக்கம்போல அம்மாவின் சமையலறை நாற்காலி, அந்தப் பச்சை ரெக்ஸின் போட்டது. காரைத் தோண்டி எடுத்த குழியில் ஒரு உடைசலை வைத்துவிட்டால் போதும், பனி கரையும்வரை அந்த இடம் இவர்கள் பாட்டன் சொத்து. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவன்கூட இறங்கும்போது துண்டை எடுத்துக்கொள்கிறான்.

தெரு பொது. நாற்காலிக்குப் பட்டா கிடையாது. இது என் கொள்கை. இதனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் காரை மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு வழுக்கி வழுக்கி வீடு வருகிறேன். "உன் கொள்கை எப்பவும் மூணு தெரு தள்ளியேதான் நிக்குது" என்பாள் வாண்டா.

இன்று மட்டும் அதிசயம். சீக்கிரமே வந்ததால் வீட்டுக்கு எதிரிலேயே, அவள் காருக்கு ஒட்டினாற்போல் இடம் கிடைத்தது. நாற்காலி இல்லாமலே. நேர்மைக்குக் கிடைத்த பரிசு என்று மாடிப்படி ஏறும்போது அவள் காதில் விழும்படி சொன்னேன்.

பிப்ரவரி 17, திங்கள்

இதை எழுதாமல் விட்டால் வாண்டா ஊர் முழுக்கத் தன் இஷ்டத்துக்குச் சொல்லுவாள். அதனால் எழுதுகிறேன்.

இரண்டு நாள் கொட்டித் தீர்த்துவிட்டு இன்று காலைதான் ஓய்ந்தது. தெருவில் கார்கள் இல்லை, வெள்ளையாகச் சமாதிகள்தான் வரிசையாக இருந்தன. விடுமுறை நாள். மண்வாரியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பனி தள்ளும் லாரி நடுத்தெருப் பனியையெல்லாம் கார்கள் பக்கம் ஒதுக்கிவிட்டுப் போயிருந்தது, இடுப்பு உயரத்துக்கு. முதலில் அதை உடைக்கலாம் என்று சக்கரத்துப் பக்கமிருந்து ஆரம்பித்தேன். வெட்டினேன், வாரினேன், வீசினேன். வியர்த்தது. ரூபென் எதிர்ப்பக்கம் தோண்டிக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இந்த வயதிலும் என்ன தெம்பு என்று வியக்கிறார் போலிருக்கிறது என்று இன்னும் வேகமாக வாரினேன்.

பின்பக்கம் வந்தபோதுதான் பம்பரில் ஒட்டியிருந்த படம் தெரிந்தது. உருட்டுப் பந்தும் அதற்குக் கண்ணும் சிரிப்பும். வாண்டாவின் விளையாட்டுக் குழுவின் படம்.

அவள் கார்.

தங்கைக்குத் தள்ளுபடி தருகிறார்களே என்று, அவள் கார் வாங்கிய அன்றைக்கே நானும் அதே கடையில், அதே மாதிரிக் காரை வாங்கியது நினைவுக்கு வந்தது. அவளுடையது நீலம், என்னுடையது சாம்பல். பனி உருகத் தெருவில் கொட்டும் உப்பும் சேறும் படிந்தபின் இந்த ஊரில் எல்லாக் காரும் ஒரே சாதி. என்னுடையது அதற்குப் பின்னால், ஒரு கை பனிகூடக் குறையாமல், சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். கீழ்வீட்டு ஜன்னலில் வாண்டா. கையில் காபி. ஜன்னலைத் திறந்தாள்.

"பின்சக்கரம் ஒண்ணு பாக்கி இருக்கு."

"எப்ப இருந்துடி பாத்துட்டு இருக்க?"

"நீ கீழ எறங்கினதுல இருந்து. ரெண்டாவது காபி இது."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்காக நீ இவ்வளவு பாசமா ஒண்ணு செஞ்சு எத்தனை வருஷமாச்சு! கெடுக்க மனசு வரல, லொரைன்."

ரூபென் மண்வாரியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அந்தக் கட்டைவிரலின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வாசலுக்குப் போய் அவளை நாலு வார்த்தை கேட்கலாம் என்று வேகமாக நடந்தேன். அவள் பச்சை நாற்காலியோடு படி இறங்கிக்கொண்டிருந்தாள். நான்கே படி. ஒவ்வொரு படியிலும் நாற்காலியை முதலில் கீழே வைத்து, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இறக்கி, பிறகு இன்னொரு காலைக் கொண்டுவந்து சேர்த்தாள். நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், நாற்காலிக் காலில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் குனிந்து தட்டினாள்.

மாடியிலேயே இருப்பவளுக்குக் கீழ்வீட்டுப் படி எப்படித் தெரியும்?

திரும்பிப் போனேன். பாக்கிச் சக்கரத்தையும் தோண்டினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

முதுகு என்று ஒன்று இருந்தது. இப்போது இல்லை.

பிப்ரவரி 27, வியாழன்

உருக ஆரம்பித்துவிட்டது. இதைத்தான் கவிஞர்கள் அழகு என்கிறார்கள். நவம்பரில் தொலைந்த ஒற்றைக் கையுறைகள், யாரோ வீசிய பீர் டப்பா, ஊர் நாய்களின் மூன்று மாதச் சேமிப்பு எல்லாம் அடுக்கடுக்காக வெளியே வருகிறது. தெருவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அதில் கார் இறங்கி ஏறியதில், எனக்கே மறந்துபோயிருந்த பாவங்கள் நினைவுக்கு வந்தன.

வாண்டா மூட்டை கட்டுகிறாள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் தரை வழியாக வருகிறது. கர்ர்ர் என்று. நான் செருப்பால் தரையை இரண்டு தடவை மிதித்தேன். கீழிருந்து துடைப்பம் மூன்று தடவை இடித்தது. எப்போதும் அவளுக்கு ஒன்று கூடுதலாக வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

போன்ச்கி நாள். ஜாம் வைத்து எண்ணெயில் பொரித்த உருண்டை ரொட்டிதான் போன்ச்கி. தவக்காலம் நாளை தொடங்குகிறது என்பதால் இன்றைக்கே ஊரிலுள்ள எண்ணெய், சர்க்கரை, ஜாம் எல்லாவற்றையும் வயிற்றுக்குள் போட்டாகவேண்டும். எங்கள் போலந்துப் பாட்டன்மார் வகுத்த சட்டம். விடியுமுன்னே பேக்கரி வாசலில் வரிசை. எனக்கு முன்னால் நின்றவன் மூன்று டஜன் வாங்கினான். ஆபீசுக்காம். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஆபீஸ் என்பது அவன் வயிறுதான்.

வாண்டாவுக்கு உலர்ந்த பிளம்ஸ் வைத்ததுதான் பிடிக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் அது பிடிக்காது. வாங்கிக்கொண்டு போனேன். அவள் சமையலறையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து தின்றோம். உதட்டில் சர்க்கரையோடு, "அங்க இது கெடைக்காதே" என்றாள்.

"அங்கதான் வெயில் கெடைக்குதே. அதுல ஜாம் வச்சுத் தின்னு."

விரலில் ஒட்டிய ஜாமை நக்கினாள். பிறகு, "நீயும் வந்துடேன். ரூம் இருக்கு. பில்லிஸ்கிட்ட கேட்டுட்டேன்" என்றாள்.

நான் என்ன சொன்னேன்? "நாள் முழுக்க வேர்வையில உக்காந்துக்கிட்டு, ஒண்ணுக்கு ரெண்டு கெழவிங்க பந்து உருட்டின கதைய நான் கேக்கணுமா?" என்றேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவ எழுந்து போனாள். தட்டில் ஒன்றுமே இல்லை, கழுவ.

ஏன் அப்படிச் சொன்னேன்? கேக்க மாட்டாளான்னு மூணு வாரமா காத்துட்டு இருந்தவதானே நான்? கேட்டதும் பொசுக்குன்னு வாய் அப்படிப் போயிடுச்சு. சரி, போகலைன்னா போகலைன்னு சொல்லிட்டுப் போறது, எதுக்கு அந்தக் குத்தல்? போகவும் முடியாது எனக்கு. வேலை இருக்கு, வீடு இருக்கு. அதெல்லாம் இல்லை, சும்மா. குளிர் இல்லாத ஊரில் நான் எதைத் திட்டிக்கொண்டு எழுந்திருப்பேன்? அதுதான் நிஜம். அதை அவளிடம் சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும்.

மார்ச் 5, புதன்

நெற்றியில் சாம்பல். "நீ மண்ணாக இருக்கிறாய்" என்றார் பாதிரியார். ஞாபகப்படுத்தியதற்கு நன்றி, எங்கள் தெருவே சேறுதான்.

மார்ச் 20, வியாழன்

இன்று வசந்தத்தின் முதல் நாளாம். பனி பெய்கிறது. நாட்காட்டிக்காரரையும் வானிலைக்காரரையும் ஒரே காரில் போட்டுப் புதைத்துவிட்டுத் தோண்டாமல் வந்துவிட வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் போய்விட்டது.

காலையில் நகராட்சி லாரி வந்தது. பனிக்காலம் முடிந்தது, தெருவில் கிடக்கும் உடைசல்களை அள்ளுகிறார்கள். இதற்காக வருஷாவருஷம் கைதட்டுகிறவள் நான். இஸ்திரி மேசை போயிற்று. ரூபென் ஓடிவந்து கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினார். அடுத்து லாரிக்காரன் ஒருவன் ஓரமாகக் கிடந்த பச்சை நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கினான்.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. இரவு அங்கியும் வீட்டுச் செருப்புமாகச் சேற்றில் நின்றுகொண்டு நாற்காலியின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தேன்.

"உங்களோடதாம்மா?" என்றான். நல்ல பையன்.

"இல்ல. என் தங்கச்சியோடது."

"பனிதான் முடிஞ்சிருச்சே. இன்னும் எதுக்கு?"

"விடுப்பா, சொல்றேன்ல."

விட்டுவிட்டான். ஜன்னலில் வாண்டா நின்றுகொண்டிருந்தாள். கொள்கை என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 29, சனி

போய்விட்டாள்.

வண்டி ஓட்ட பில்லிஸ் விமானத்தில் வந்திருந்தாள். தேங்காய் ஓடு நிறத்தில் வெந்துபோய் இருக்கிறாள், கேட்டால் ஆரோக்கியமாம். மண்வாரி, பனிக் காலணி, தடிமனான கோட்டு எல்லாவற்றையும் வாண்டா என் கதவருகே வைத்திருந்தாள். கீழ்வீட்டுச் சாவியைக் கொடுப்பாள் என்று கையை நீட்டினேன்.

"அது என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

"எதுக்கு? முதலைக்குப் பல்லு குத்தவா?"

"நாற்காலி?" என்றாள்.

"நிலவறையில கெடக்கு. எடுத்துட்டுப் போறியா? கடற்கரையில மணலத் தோண்டி இடம் புடி."

கட்டிப்பிடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது, எங்கே கை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. காரில் ஏறும்போது இரண்டு கையாலும் முழங்காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். பிறகு கண்ணாடியை இறக்கி, "லொரைன், பின்சக்கரம் பாத்துட்டியா?" என்றாள்.

"பாத்துட்டேன்" என்றேன். "போ. மெதுவா போகச் சொல்லு அவள."

 

ஏப்ரல் 3, வியாழன்

செருப்போடு கூடத்தில் நடந்தேன். போகும்போதும் வரும்போதும். குதிகாலை ஊன்றி.

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

தொலைபேசியில் வாண்டா. முழங்கால் தேவலையாம், காலையில் நடக்கிறாளாம். பின்கட்டில் பல்லி வந்ததாம். பல்லிக்கெல்லாம் கூப்பிட்டுச் சொல்லும் அளவுக்கு அங்கே வாழ்க்கை ஓகோவென்று போகிறது. "அங்க எப்படி இருக்கு?" என்றாள். "அருமையா இருக்கு, எல்லாரும் அரைக்கால் சட்டையில அலையறாங்க" என்றேன். நிஜத்தில் ஆலங்கட்டி பெய்துகொண்டிருந்தது. போனிலேயே கேட்டிருக்கும் அவளுக்கு.

ஏப்ரல் 12, சனி

நிஜமான வெயில். ஐம்பத்தைந்து டிகிரிதான், அதற்கே பக்கத்துத் தெருக்காரர்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்வெளியில் கிடக்கிறார்கள். வெள்ளை வெளேரென்ற தொப்பைகள். பனி முழுவதும் போய்விடவில்லை என்று தோன்றியது.

வீட்டுக்கு எதிரே அவள் இடத்தில் யாரோ ஒரு வேன்காரன் வாரம் முழுக்க நிறுத்தியிருந்தான். காலையில் எடுத்துக்கொண்டு போனான். நான் ஜன்னலில்தான் இருந்தேன். நிலவறைக்குப் போனேன். நாற்காலியில் உப்புக்கறை. ஈரத்துணியால் துடைத்தேன். ரெக்ஸின் கிழிசலில் டேப் ஒட்டினேன். தெருவுக்குக் கொண்டுபோய் அந்த இடத்தின் நடுவில் வைத்தேன்.

ரூபென் வாசலில் உட்கார்ந்து மகளின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நாற்காலியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை.

"லொரைன், பனி எங்க?"

"வரும்" என்றேன்.

"எப்ப? நவம்பர்லயா?"

"எப்ப வந்தா உங்களுக்கென்ன? காத்த அடிங்க."

அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் காற்றடித்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய், நாற்காலியின் ஒரு கால் பள்ளத்தில் இருந்ததை நகர்த்திச் சமமாக வைத்துவிட்டு வந்தார்.

சாயங்காலம்வரை மூன்று நாலு கார்கள் வந்தன. வேகம் குறைத்தன, நாற்காலியைப் பார்த்தன, வேறு இடம் தேடிப் போயின. ஒருத்தனும் இறங்கி அதை ஒதுக்கிவைக்கவில்லை. காட்டுமிராண்டி ஊர் என்று இத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன்.

நான் வெளியே போய்விட்டுத் திரும்பியபோது தெரு நிரம்பிவிட்டது. அந்த ஒரு இடம்தான் காலி. என் காரை மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தேன்.