ஜெலாவும் எங்கள் கடைப்பலகையும்

1994 ஒக்டோபர் 11, செவ்வாய். பலெர்மோ.

பல்லரோச் சந்தையில் எங்கள் கடைக்குப் பலகை ஏறிவிட்டது. ‘கரவெட்டி ஸ்டோர்ஸ்’. கூட்டாளி செல்வத்தின் ஊர் யாழ்ப்பாணத்துக் கரவெட்டி. நான் உரும்பிராய். பாதிக் கடை என்னுடையது.

பெயரில் சண்டை வரக்கூடாது என்றுதான் போன மாதம் அவனுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். நான் வேலை செய்யும் வீட்டு இத்தாலிய அம்மா, சிஞ்ஞோரா, சரித்திரம் படிப்பித்தவர். அவர் சொன்னது. இதே சிசிலியில் ஜெலா நகரைப் பழைய காலத்துக் கிரேக்கர், ரோட்ஸ் தீவாரும் கிரீட் தீவாரும் சேர்ந்து உண்டாக்கினார்களாம். நகரத்துக்கு இருவரின் ஊர்ப் பெயரும் இல்லை, அங்கே ஓடிய ஆற்றின் பெயர்தான்.

“அப்ப நாங்களும் பல்லரோ ஸ்டோர்ஸ் எண்டே வைப்பம், மச்சான்” என்று என் கையைப் பிடித்துச் சொன்னவன் அவன்.

இன்று கேட்டேன். ஏணியை விட்டு இறங்காமலே பதில் சொன்னான்.

“நீதானே சொன்னனீ, முதல் கட்டின கோட்டைக்கு மட்டும் ரோட்ஸ்காரர் தங்கடை ஊர்ப் பேரை வைச்சவை எண்டு. இது எங்கடை முதல் கடை. அடுத்ததுக்கு உன்ரை ஊரை வைப்பம்.”

கதை முழுதாக இருக்கட்டும் என்று அந்தத் துண்டையும் சொன்னது நான்தான்.

கோட்டையின் பெயரைக் கேட்ட கிரீட்காரர் என்ன செய்தார்கள் என்று சிஞ்ஞோரா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாளை முதல்நாள் வியாபாரம். கடைப் பூட்டின் ஒரே திறப்பு என் தலையணைக்குக் கீழே இருக்கிறது.