ஆறாயிரம் அடி உயரத்தில் ஒரு தரவை

01.03.94, செவ்வாய்

மழை இல்லை. கொஞ்சம் பனி. காலை 5.40க்கு, நான்கு நாள் ஆலோசனைக்குப் பின், காலுக்கு ஒன்றல்ல, இரண்டு காலுறை போடுவதென்று முடிவு. முடிவு ஏகமனதானது. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

காரணம்: யோகம் அனுப்பிய சப்பாத்து ஒரு அளவு பெரிது. முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த மனைவி. பத்தொன்பது மாதப் பிரிவில் என் கால் அவள் ஞாபகத்தில் வளர்ந்துவிட்டது போலும்.

சுவிசிலிருந்து கொழும்புக்கும், அங்கிருந்து கிளாலிப் படகில் இங்கேயும் வந்த பொதியில் இருந்தவை:
சப்பாத்து, மலை ஏறுவதற்கானது, ஒரு சோடி. ஒவ்வொன்றும் இரண்டு இறாத்தல் இருக்கும்.
கம்பளிக் காலுறை, இரண்டு சோடி.
மகளும் மருமகனும் ஒப்பமிட்ட அழைப்புக் கடிதம். ஜூன் 30 வரை செல்லும்.
அவர்கள் இருக்கும் சுவிஸ் பள்ளத்தாக்கின் நடைபாதைப் படம்.
யோகத்தின் கடிதம், நான்கு பக்கம்.
சொக்கிலேற். படகில் உருகி, கரையில் உறைந்து, கண்டப் பெயர்ச்சிக்கு நல்ல உதாரணமாக இருந்தது. தின்றேன்.

03.03.94, வியாழன்

சப்பாத்துடன் வளவுக்குள் மட்டும், கிணற்றடியிலிருந்து மாட்டுக்கொட்டில் வரை, இருபது தடவை. வெள்ளச்சி அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. மாடு சிரிக்காது என்று படித்திருக்கிறேன்.

யோ. போனது ஆறு மாதத்துக்கு என்று. மகளின் பிள்ளைப்பேறு. பேரனுக்கு இப்போது பல் எட்டு.

கடிதம் இன்று மூன்றாம் முறை. (ஒன்பதாம் முறை. எனக்கே எழுதும் குறிப்பில் பொய் எதற்கு.)

“இஞ்சாருங்கோ, இஞ்சை பாதையளிலை எல்லாம் மஞ்சள் பலகை நட்டிருக்கு. மைல் கட்டைக் கணக்கில்லை, மணித்தியாலக் கணக்கு. மேலை மாடு மேயிற புல்வெளிக்கு ரெண்டு மணித்தியாலம் பத்து நிமிசம் எண்டு போட்டிருக்கு. நான் மூண்டரை மணித்தியாலத்திலை ஏறிப்போட்டன். ஒடுங்கின பாதை, ஆளுக்குப் பின்னாலை ஆள்தான் போகலாம். நான்தான் முன்னுக்கு.”

தூரத்தை மணித்தியாலத்தில் அளப்பது விஞ்ஞானமல்ல. முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன் என்ற முறையில் ஆட்சேபம்.

நான்தான் முன்னுக்கு. கோவிலுக்குப் போகும்போது அவள் எனக்குப் பத்து அடி பின்னால். ஊரில் எல்லாப் பெண்சாதிமாரும் அப்படித்தான். முப்பத்திரண்டு வருடம். நடக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

06.03.94, ஞாயிறு

வெயில். மண்ணெண்ணெய் அரைப் போத்தல் மிச்சம்.

சங்கக் கடை வரிசையில் கேட்டது:
“சுவிசிலை மாட்டுக்குக் காதிலை நம்பர் குத்தியிருக்காம்.”
“எங்களுக்குக் கூப்பன் இருக்குத்தானே. நீ வரிசையிலை நில்.”

பிற்பகல் முழுவதும் படம். அழகான வேலை. சமவுயரக் கோடுகள் மயிர் போல. மீற்றரை அடியாக்கி ஓரத்தில் எழுதினேன். ஊர் இருப்பது மூவாயிரத்து எழுநூறு அடியில். புல்வெளி ஆறாயிரம். ஜூனில் மாடுகளை மேலே சாய்த்துக்கொண்டு போவார்கள், செப்ரெம்பரில் இறக்குவார்கள். இதை எட்டாம் வகுப்புக்கு முப்பது தடவை படிப்பித்திருக்கிறேன். நான் ஏறிய அதிக உயரம் பள்ளிக்கூட மேல்மாடி.

யோ. இதையும் எழுதியிருக்கிறாள். “மாடு மேலை போக முன்னம் வந்திடுங்கோ. உங்களுக்கு இதெல்லாம் பாடம். காலுக்குத்தான் தெரியாது.”

படத்தில், புல்வெளிக்குக் கீழே, நீலப் பேனையால் ஒரு புள்ளடி. “இந்த மர வாங்கிலை இருந்துதான் எழுதுறன்.”

புள்ளடியைத் தடவிப் பார்த்தேன். பேனை அழுத்திய பள்ளம் தட்டுப்படுகிறது.

09.03.94, புதன்

காலுக்குப் பாடம் சொல்லும் திட்டம். வெள்ளச்சியை மேய்க்கும் தரவைக்கும் அந்தப் புல்வெளிக்கும் உறவு உண்டு. இரண்டிலும் மாடும் புல்லும் வானமும்தான். எனவே அவர்களின் படத்தில் எங்கள் ஊரைப் பென்சிலால் குறித்தேன், எங்கே நிற்கிறேன் என்று தெரியவேண்டுமே. அவர்களின் றெயில் நிலையம் = என் படலை. சாப்பாட்டுக் கடை = வாசிகசாலை. மரப்பாலம் = மதகு. புல்வெளி = தரவை. மஞ்சள் பலகை முறைப்படி நிமிடங்களும்: வாசிகசாலை 12, மதகு 25, தரவை 40. செருப்புடன், மாட்டுடன்.

ஏற்றம் ஒரு பிரச்சினை. முழு வழியிலும் ஏற்றம் மதகு ஒன்றுதான். இரண்டு அடி.

ஊரை விட்டு வெளியே போக இயக்கம் தரும் பாஸுக்குத் தேவையானவை: விண்ணப்பம், புகைப்படம் இரண்டு, அழைப்புக் கடிதம், பிணை நிற்க ஒருவர். நான் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவரைக் கேட்பார்கள். பக்கத்து வளவுச் சின்னராசா சம்மதம். நேர்முகம் 21ஆம் திகதி. சின்னராசா சொன்னது: “மாஸ்டர், நீங்கள் திரும்பி வராட்டியும் பறவாயில்லை. வெள்ளச்சியை எனக்கு எழுதித் தந்திட்டுப் போங்கோ.”

அவருடைய மனைவி பூமணி, வேலிக்கு அப்பாலிருந்து: “மனுசிக்காரிக்குப் பயந்து மாட்டை வளர்க்கிறார். மாட்டைத் தந்துபோட்டு எந்த முகத்தோடை அங்கை போவார்?”

பூமணியை அறிஞர் அவைக்குச் சேர்க்கலாம்.

12.03.94, சனி

காலையில் ஒன்று, பிறகு ஒன்று எழுதுகிறேன்.

(காலை) இரவு பருவம் தப்பிய தூறல். 5 மணிக்குச் சப்பாத்துடன் முதன்முறை ஒழுங்கையில். ஒத்திகை என்பதால் வெள்ளச்சி இல்லை. சனம் எழும்பமுன் போய் வந்தேன், சிரிப்புக்குப் பயந்து. தரவை 55 நிமிடம். மதகில் ஒன்பது தடவை ஏறி இறங்கினேன். மொத்த ஏற்றம் 18 அடி. தரவையில் விடியும்போது, அங்கே நடுச்சாமம் கழிந்திருக்கும். யோ. நித்திரை. வலது பக்கம் சரிந்து.

(பிறகு) 7 மணிக்குச் சின்னராசா வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தார். “மாஸ்டர், வெளிக்கிடுங்கோ. மாதகல் பக்கத்தாலை ஆமி இறங்கிட்டான். ஒழுங்கை முழுக்கப் பூட்ஸ் அடி.”

எத்தனை பேர் என்று கேட்டேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது.

“முப்பது பேருக்குக் குறையாது. மதகடியிலை நிண்டு கூடிக் கதைச்சிருக்கிறாங்கள். தரவையாலை திரும்பியும் வந்திருக்கிறாங்கள்.”

ஊரில் மற்றவர்கள் போடுவது செருப்பு, அல்லது வெறுங்கால். நடக்கிறவனின் அடியைப் பார்த்து ஆளைச் சொல்லும் ஊர். ஈர மண்ணில் அந்தச் சப்பாத்தின் பல் அடையாளம் வேறு எவருடையதாகவும் இருக்க முடியாது. இதை யோசிக்காத ஒரே ஆள் புவியியல் படிப்பித்தவர்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணங்கள்:
1. வாய் திறந்தபோது கோவில் மணி அடித்துவிட்டார்கள்.
2. ஓடத் தொடங்கிய சனத்தை நிறுத்தக்கூடிய உண்மை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.
3. நேர்முகம் 21ஆம் திகதி.

1, 2 இரண்டும் 3க்குத் துணை.

சப்பாத்தும் காலுறையும் படமும் தவிட்டுச் சாக்குக்குள். வெள்ளச்சியின் கயிறு கையில். வெறுங்காலுடன் சனத்தோடு சனமாக.

13.03.94, ஞாயிறு

சங்கானைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு அறையில் எங்கள் ஒழுங்கை முழுவதும். வெள்ளச்சி விளையாட்டு மைதானத்தில், கோல் கம்பத்தில் கட்டி. ஒரு குடத்துக்கு முப்பது பேர் வரிசை.

இயக்கப் பெடியன்கள் ஊர் எல்லையில் மறித்து நிற்கிறார்கள். பற்றை பற்றையாகத் தேடல். முடியும்வரை ஒருவரும் போகக் கூடாது.

காதில் விழுந்தது:
“நான் கண்ணாலை கண்டன். தொப்பி போட்டிருந்தவன்.”
“எத்தினை மணிக்கு?”
“விடியக் காலமை. உயரமான ஆள்.”

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். தொப்பி இல்லை, மப்ளர்.

சின்னராசா சாப்பிடவில்லை. வெட்டி வாடவிட்ட புகையிலையை வெள்ளிக்கிழமைதான் அடுக்கி மூடியவர். நாலாம் நாளுக்குள் பிரட்டாவிட்டால் சூடேறி அழுகிவிடும். இந்த வருட முழு உழைப்பும் அந்த அடுக்கில். பூமணி ஆமியைத் திட்டிய திட்டில் புதிய சொற்கள் ஆறு. எல்லாம் எனக்கு உரியவை. வாங்கிக்கொண்டேன்.

14.03.94, திங்கள்

மைதானத்தில் வெள்ளச்சிக்குத் தண்ணீர் வைக்கும்போது சின்னராசாவிடம் சொன்னேன். சாக்கைத் திறந்து காட்டினேன்.

சப்பாத்தைக் கையில் எடுத்தார். பெருவிரலால் அடிப்பாகத்தை அமத்திப் பார்த்தார். பிறகு சாக்கின் வாயைக் கட்டினார்.

“மாஸ்டர், வாயைத் திறந்திடாதையுங்கோ. பாஸ் கையிலை வந்தாப் பிறகு கப்பலிலை நிண்டு சொல்லுங்கோ.”

புகையிலை?

“புகையிலை வாற வருசமும் வரும். அந்த மனுசி அங்கை தனிய மலை ஏறிக்கொண்டு திரியுது.”

போய்விட்டார். பத்து அடி போய்த் திரும்பி வந்து கேட்டார், மதகடியில் அப்படி என்னதான் செய்தேன் என்று. ஏறி இறங்கினேன் என்றேன். எத்தனை தரம்? ஒன்பது. தலையை ஆட்டினார். அவருக்குச் சிரிப்பு வந்ததா வேறேதும் வந்ததா தெரியவில்லை. மாட்டின் மறுபக்கம் போய்விட்டார்.

கடிதம் படிக்கவில்லை. பாடமாக இருக்கிறது.

15.03.94, செவ்வாய்

இன்று நாலாம் நாள்.

காலை 6க்குச் சாக்குடன் ஊர் எல்லைக்கு. பொறுப்பாளர் என் பழைய மாணவர். கெட்டிக்காரர், சமவுயரக் கோடுகளை மட்டும் ஒன்றையொன்று வெட்ட விடுவார். இருபத்துநாலு வயதிருக்கும். கண் முழுக்க நித்திரையில்லாச் சிவப்பு. மூன்று இரவாகப் பற்றைக்குள் என்னைத் தேடியிருக்கிறார்.

சப்பாத்தை எடுத்து வைத்தேன். சொன்னேன். பக்கத்துப் பெடியன் ஒருவன் சிரித்துவிட்டு, பொறுப்பாளரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். மண்ணில் பதித்துக் காட்டச் சொன்னார். போட்டு நடந்து காட்டினேன். காலுக்கு ஒரு காலுறையுடன், மற்றச் சோடி சாக்கின் அடியில்.

அத்தோடு முடிந்திருக்கும். சாக்கைக் கவிழ்த்தார்கள். படம் விழுந்தது.

“சேர், உதிலை தரவை எண்டு போட்டிருக்கு.”

ஓம் என்றேன்.

“மதகு. வாசிகசாலை. எல்லாத்துக்கும் நேரம் போட்டிருக்கு. நீலப் பேனையாலை ஒரு புள்ளடி.”

அது சுவிஸ் நாட்டுப் படம் என்றேன். புள்ளடி ஒரு வாங்கு, என் மனைவி இருக்கும் இடம்.

“தரவை ஆறாயிரம் அடியிலை எண்டு எழுதியிருக்கிறியள்.”

எங்கள் தரவை கடல் மட்டத்திலிருந்து எட்டு அடிகூட வராது என்று விளக்கினேன். அதையும் எழுதிக்கொண்டார். எதற்காக இப்படிக் குறித்தீர்கள் என்று கேட்டார். முப்பது வருடத்தில் நான் மாணவரிடம் கேட்ட கேள்விகளில் பதில் இல்லாதவை இருந்திருக்கும். மனைவிக்குப் பின்னால் நடந்து பழகுகிறேன் என்று சொன்னேன்.

அதை எழுதவில்லை.

மதியம் சனத்தை வீட்டுக்குப் போகவிட்டார்கள். சின்னராசா ஓடினார்; அறுபது வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததில்லை.

18.03.94, வெள்ளி

வெயில் கடுமை. ஊருக்கு எல்லாம் தெரியும். வாசிகசாலையில் நான் நுழைந்ததும் ஒருவர் எழுந்து சலூட். மற்றவர், “முப்பது பேரும் வந்திட்டினம், இடம் விடுங்கோ.” நியாயம்.

புகையிலை பாதி தப்பியது. கீழ் அடுக்குப் போய்விட்டது. சின்னராசாவைப் பிணையில் இருந்து விலகச் சொன்னேன், அவருக்கும் கேள்வி வரும் என்று. கோபித்துக்கொண்டார். பூமணி என்னோடு கதைப்பதில்லை. ஆனால் மத்தியானம் வேலிக்கு மேலால் ஒடியற்கூழ் வந்தது, சட்டியோடு.

மாலை தரவைக்கு. செருப்புடன். வெள்ளச்சியை முன்னால் விட்டு நான் பத்து அடி பின்னால். அது எந்த இடத்திலும் திரும்பிப் பார்க்கவில்லை. யோ. பார்த்திருப்பாளா, நான் திரும்பிப் பார்க்கிறேனா என்று? நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

மதகில் வெள்ளச்சி நின்றது. நானும் நின்றேன்.

40 நிமிடம்.

21.03.94, திங்கள்

வானம் மூடியிருந்தது, மழை இல்லை. கம்பளிக் காலுறை நான்கும் தோய்த்துக் காயப்போட்டேன். இங்கே காய மூன்று நாள் பிடிக்கும் என்று நினைக்கிறேன், மலைச் சாமான்.

10 மணிக்குப் பாஸ் கந்தோர். சின்னராசா இஸ்திரி போட்ட சேட்டுடன். இரண்டு மணித்தியாலம் இருத்திவிட்டுக் கூப்பிட்டார்கள். விண்ணப்பம் சரி, புகைப்படம் சரி, பிணை சரி என்றார்கள். பழைய மாணவரின் அறிக்கை மேசையில், நாலு பக்கம், நல்ல கையெழுத்து. மேலிடம் பார்த்த பிறகுதான் முடிவாம். அழைப்புக் கடிதத்தில் ஜூன் 30 என்ற திகதியை விரலால் காட்டினேன். பார்த்தார்கள்.

சப்பாத்தும் தேசப்படமும் அதுவரை அவர்களிடம். பற்றுச்சீட்டு தந்தார்கள்.

விசாரணைத் திகதி: ஓகஸ்ட் 16, செவ்வாய், காலை 9 மணி.