சியெனாவில் சூப் ஆறிய கதை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஓர்னெல்லா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நேற்று பகலெல்லாம் ஒரு சுற்றுலாக் கூட்டத்துக்குச் சியெனா நகரின் மேட்டுத் தெருக்களைச் சுற்றிக்காட்டினேன். இரவு அவர்களோடு சாப்பிட உட்கார்ந்தவள், சூப் வந்ததுகூடத் தெரியாமல் மேசையிலேயே தூங்கிவிட்டேன். விழித்தபோது எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். என் தோளில் யாருடைய கோட்டோ கிடந்தது.

பதறி எழுந்தேன்.

“உக்காரும்மா, சத்தமில்லாமத்தான் சாப்பிட்டோம்,” என்றார் கூட்டத்திலிருந்த பெரியவர் எர்மானோ.

“கரண்டி சத்தம் கேட்டதுக்கு என்னை எப்படி முறைச்சாரு தெரியுமா!” என்றாள் அவர் மனைவி.

சூப்பைச் சூடாக்கித் தரச்சொன்னார்கள்; நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டேன், கவலைப்படாதீர்கள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். ஞாயிறு மதியம் நீங்கள் சாப்பிட உட்காரும்போது போன் செய்யுங்கள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் சாப்பிட்டு முடிக்கும்வரை வைத்துவிடாதீர்கள்.

அடுத்த சுற்றுலாக் கூட்டத்தின் பேருந்து வந்துவிட்டது.

உங்கள் ஓர்னெல்லா