ஞாயிற்றுக்கிழமை முறைத்தண்ணீர்

கிளிநொச்சி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் சுகிர்தனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவருடைய தயவால் என் சுகத்துக்குக் குறைவில்லை, அவ்வளவு தூரத்தில் உன்னையும் அவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன் இருக்க அம்மா ஏன் தாளை எடுத்தா என்று நினைப்பாய். பளை ஜனார்த்தனன் மாமா வெள்ளிக்கிழமை லண்டன் திரும்புகிறார், உனக்கென்று மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் கட்டிக் கொடுக்கிறேன், அதற்குள் இதையும் வைக்கலாம் என்பது ஒரு காரணம். போனில் இப்போது நீ சாப்பிட்டாயா என்று நானும் ஓம் சாப்பிட்டன் என்று நீயும் சொல்வதோடு கதை முடிந்துவிடுகிறது என்பது மற்றக் காரணம்.

இங்கே சோளகக் காற்று, முற்றம் கூட்டக் கூட்டப் புழுதி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் சத்தம் என்று ஒன்று இல்லை, குசினியில் வானொலியைப் போட்டுவிட்டு அறையில் இருந்து கொப்பி திருத்துகிறேன், யாரோ வீட்டுக்குள் கதைப்பது போல இருக்கும். உலை வைக்கும்போது கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. அப்பாவும் நீயும் இருக்க மூன்று பேருக்குச் சமைத்த காலத்தில் அந்தப் பிடி எடுத்தது தெரிவதில்லை, இப்போது ஒருத்திக்குப் போடும் அரிசியில் எடுக்கப் பானையில் குறைவது தெரிகிறது. அது நல்லதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மாசி மாதம் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்கு வேலை போட்டிருக்கிறார்கள், வயதுபோன ஐயா ஒருவரைக் குளிக்கவார்த்து உடுப்பு மாற்றிக் கரண்டியால் சாப்பாடு தீத்த வேண்டும், ஆராதனைக்குப் போக முடியவில்லை, அது பிழையோ அம்மா என்றாய். நான் நேராகப் பதில் சொல்லவில்லை. உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமோ என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்குப் போனாயா என்றுதான் கதையைத் தொடங்கினேன். சித்திரையோடு உன் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு நின்றுவிட்டது, திங்கட்கிழமை எடுக்கிறாய், அவசரமாக வைத்துவிடுகிறாய். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம், அதற்கு முன் வயலில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

இந்தச் சிறுபோகத்தில் எங்கள் வயலுக்குக் கிழமைக்கு ஒருதரம் வாய்க்காலில் வரும் முறைத்தண்ணீர் ஞாயிறு காலையில் விழுந்திருக்கிறது, சரியாக ஆராதனை நேரம். போன ஞாயிற்றுக்கு முதல் ஞாயிறு நான் மடையைத் திறந்துவிட்டு, ஆண்டவருடைய நாள், அவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி வெள்ளைச் சீலையோடு கோயிலுக்குப் போய்விட்டேன். வரம்பில் நண்டு வளை இருந்ததை நான் கவனிக்கவில்லை. அது கரைந்து வரம்பு உடைந்து, தண்ணீர் முழுவதும் கீழ்வயலுக்குள் பாய்ந்துவிட்டது. கீழ்வயல்காரி மீனம்மாவை உனக்கு நினைவிருக்கும், மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம், நீ சைக்கிளில் போகும்போது மறித்துக் கொய்யாப்பழம் தருவா. அவ முதல்நாள் பின்னேரம்தான் யூரியா எறிந்திருந்தா. நான் திரும்பி வரும்போது அவ முழங்கால் சேற்றில் நின்று என் வரம்பை அடைத்துக்கொண்டிருந்தா. டீச்சர் பாட்டுப் பாடப் பாட என் உரம் குளிச்சிட்டுப் போயிருச்சு என்று சிரித்தா. நான் மன்னிப்புக் கேட்டபோதுதான் முகம் மாறியது.

“நீங்க கோயிலுக்குப் போனது தப்பில்ல டீச்சர். என் வாசலத் தாண்டித்தானே போனீங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மம்பட்டியோட வந்து நின்னிருப்பேன். என்னைய ஒரு ஆளா நெனக்கலியா?”

அது என்னை நித்திரை கொள்ள விடவில்லை மகன். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் வாழ்கிறேன் என்ற பெருமை எனக்கு இருந்தது. அதைவிட இன்னொன்றும் இருந்தது. கோயிலில் நாலு பேர் என் பெயரைச் சொல்லிச் சுகம் கேட்பார்கள், கிழமையில் அந்த ஒரு நாள்தான் என்னை யாராவது விசாரிக்கிறார்கள். அதை விட முடியாமல்தான் ஓடினேன், ஓடியதற்கு ஆண்டவருடைய பெயரை வைத்தேன்.

அடுத்தநாள் எங்கள் வீட்டில் இருந்த யூரியாவைக் கொண்டுபோய் அவவோடு நின்று எறிந்து கொடுத்தேன். போன ஞாயிறு கோயிலுக்குப் போகவில்லை, மண்வெட்டியோடு வரம்பில் நின்றேன். காற்றில் மணிச் சத்தம் வந்தது. அம்மாவுக்குச் செபம் ஒன்றும் வாயில் வரவில்லை, அழுகைதான் வந்தது, தண்ணீர் போகும் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றேன். மீனம்மா தேத்தண்ணியோடு வந்து வரம்பில் இருந்தா. தம்பி அங்கே என்ன வேலை செய்கிறார் என்று கேட்டா. கோயில் ஆட்களுக்கு நீ படிக்கிறாய் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன், அவவுக்கு ஏனோ உள்ளதைச் சொன்னேன். அவ கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னா, “பெத்த புள்ளைங்க செய்யாதத தம்பி செய்யுது.”

நான் அப்போதுதான் தலைக்கு மேலே கைகூப்பிக் கும்பிட்டேன். உன் கேள்விக்குப் பதில் இதுதான் ராசா, நீ செய்வது பிழையில்லை. ஆனால் அவரை மறந்து செய்யாதே. அந்த ஐயாவுக்குத் தண்ணீர் வார்க்க முதல் சூடு பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில் ஆண்டவரை நினை, அவருக்குச் செய்கிறேன் என்று நினைத்துச் செய், களைப்பில் கோபம் வந்தால் கை கடினமாகிவிடும், அதைக் கவனி. ஞாயிறு லீவு கிடைத்தால் ஆராதனையை விடாதே, தனியே நின்று சமாளிக்கலாம் என்று நினைப்பது அம்மாவின் வியாதி, உனக்கு வேண்டாம். அந்த ஐயாவின் பெயரை எழுதி அனுப்பு, அவரையும் செபத்தில் சேர்க்கிறேன். வருகிற ஞாயிறு தண்ணீரை மீனம்மா பார்க்கிறா, நான் கோயிலுக்குப் போகிறேன், அதற்கடுத்த ஞாயிறு என் முறை என்று பேசி வைத்திருக்கிறோம்.

மிளகாய்த்தூள் உறையை அறைக்குள் அவிழ்க்காதே, தும்மல் எடுக்கும். உன் கைகளை ஆண்டவர் பெலப்படுத்தி ஆசீர்வதிக்கட்டும். ஞாயிறு பின்னேரம் எடு மகன், வேலை முடிந்து எவ்வளவு பிந்தினாலும் எடு. கோயிலுக்குப் போனாயா என்று அம்மா கேட்கமாட்டேன். அந்த ஐயா இன்றைக்குச் சாப்பிட்டாரா என்று கேட்பேன்.

எப்போதும் உன் நினைவோடு,
அம்மா
ராஜினி