கடைசி அத்தியாயத்தின் கூலி

ஜார்ஜ்டவுன்
4.3.1998

அன்புள்ள மருமகன் அரசுக்கு,

நான் சொல்ல, பக்கத்து வீட்டு நவமணி எழுதுகிறாள். காலமான உன் அத்தை ஜெயலெட்சுமி எழுதிய நாவலைக் கம்ப்யூட்டர் டிஸ்கில் ஏற்றிப் பதினைந்து வெள்ளிக்கு விற்பதாகச் சொல்லி, வீட்டில் மிஞ்சிய ஒரே பிரதியை வாங்கிப் போனாய். தைப்பூசமும் போய்விட்டது, ஒரு சத்தமும் இல்லை.

கடைசி அத்தியாயம் கடலில் மூழ்கிப் போன எங்கள் மகன் பாலனைப் பற்றியது. அன்று நான் கப்பலில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். அவனோடு இருந்தவள் உன் அத்தைதான். நாவல் முழுக்க எனக்கு வாசித்துக் காட்டியவள், பாலன் படகுத்துறையில் செருப்பைக் கழற்றும் இடத்தில் மூடிவிட்டு, "மீதி நாளைக்கு" என்றாள். அந்த நாளை வரவேயில்லை. பிறர் வாயால் கேட்க எனக்கும் துணிவில்லை. டாக்டர் என் நெஞ்சைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. இனிக் கேட்டுவிட வேண்டும்.

நல்லமுத்து (கைநாட்டு)


கோலாலம்பூர்
22.3.1998

அன்பு மாமாவுக்கு,

டிஸ்க் இத்துடன் வருகிறது. விலை மூன்று வெள்ளி, கோபிக்காதீர்கள். இங்கே ஒருவன் பத்து நாவலை ஒரே டிஸ்கில் பத்து வெள்ளிக்குப் போட்டுவிட்டான். பக்கத்துக்குப் பக்கம் பிழை. ஆனால் வாங்கும்வரை நல்லதும் கெட்டதும் ஒரே கறுப்புத் தட்டுதானே? இரண்டு முறை திருத்தியது என்றால் கடைக்காரர் சிரிக்கிறார்: "பிழை இருந்தா என்னலா, மலிவா போடு!" பிழை திருத்துகிறவரை நிறுத்திவிட்டேன்.

அரசு


ஜார்ஜ்டவுன்
9.4.1998

அரசுக்கு,

நவமணி தான் வேலை செய்யும் பாயான் லெப்பாஸ் ஆபீசில் அச்செடுத்து வந்து வாசித்தாள். "அரை வேக்காட்டுச் சோறு மாதிரி இருக்கு தாத்தா" என்றாள். பிழைகளைப் பொறுத்துக்கொண்டேன். பதின்மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது, முற்றும் என்று வேறு போட்டிருக்கிறதாம். பதினான்கு எங்கே? ஐம்பது வெள்ளி கேட்டாலும் தருகிறேன். அந்தத் தாள்களை மட்டும் அனுப்பு.

நல்லமுத்து (கைநாட்டு)


கோலாலம்பூர்
30.4.1998

மாமாவுக்கு,

மன்னிக்க வேண்டும். மூன்று வெள்ளி விலையில் கடைசி அத்தியாயத்துக்குத் தட்டச்சுக் கூலி கட்டுப்படியாகவில்லை. பதின்மூன்றிலேயே கதை முடிந்த மாதிரிதான் இருந்தது. வாங்கியவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. தட்டச்சுக்குப் பங்கு பிரிக்கப் புத்தகத்தை அறுத்திருந்தோம். கடை மாற்றியபோது தாள்கள் பழைய பேப்பரோடு போய்விட்டன.

இனி ஒரு வெள்ளிக்கே விடப்போகிறேன். உங்களுக்கு எத்தனை டிஸ்க் வேண்டும்?

அரசு


ஜார்ஜ்டவுன்
11.5.1998

அரசுக்கு,

எனக்கு டிஸ்க் வேண்டாம். நீ இனி எழுதவும் வேண்டாம்.

கடைசி அத்தியாயத்தில் உன் அத்தை வாசித்த பாதி என் நினைவில் இருக்கிறது. நவமணியை உட்காரவைத்து, எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பாலன் வெயிலில் ஓடி வருகிறான். கையில் கச்சாங் கடலைப் பொட்டலம். அம்மா அதட்டுகிறாள். செருப்பைக் கழற்றி, ஜோடியாகச் சேர்த்து வைக்கிறான்.

இவள் பேனாவைப் பிடித்தபடியே, "அப்புறம் தாத்தா?" என்கிறாள்.

நல்லமுத்து (கைநாட்டு)